பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் எதுவரை முடிவெடுக்கலாம்?

2018 டிசம்பர் 19 அன்று தில்லி அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியைப் பள்ளிகளிலேயே போடப்போவதாகவும், அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை என்றும் அது சொன்னது. 2019 ஜனவரி 16 அன்று தொடங்கவிருந்த அந்தப் பணிக்கு, சில மாணவர்கள் தம் பெற்றோர் வழியாக உயர் நீதிமன்றத்தை நாடியதால், அதற்கு முந்தைய நாளே தடை விழுந்தது. ஜனவரி 22 அன்று நீதிபதி விபு பக்ரு தீர்ப்பளித்தார். பெற்றோரைக் கேட்காமலோ அவர்கள் மறுத்த பிறகு கட்டாயப்படுத்தியோ ஊசி போட்டுவிடலாம் என்ற நிலைப்பாட்டை அவர் ஏற்கவில்லை. பக்கவிளைவுகளையும், யார் யாருக்கு அந்த ஊசியைப் போடக்கூடாது என்பதையும் விளம்பரத்தில் சொன்னால் பெற்றோர் மிரண்டு பின்வாங்கிவிடுவார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. பெற்றோர் விவரம் தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே விளம்பரமே செய்யப்படுகிறது என்று நீதிமன்றம் கேட்டது.

அந்தத் தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வழக்கின் மையமாக இருக்கவில்லை. தட்டம்மை உயிரைப் பறிக்கக்கூடிய நோய். கர்ப்பிணிக்கு ரூபெல்லா தொற்றினால் பிறக்கும் குழந்தைக்குக் காது, கண், இதயம் ஆகியவற்றில் குறை ஏற்படலாம். எனவே பெரும்பாலான பெற்றோர் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். நன்மை தரும் ஒன்றைச் செய்யும்போதும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டுமா என்பதே கேள்வி. தீர்ப்பு அதற்கு ஒரு நடைமுறையையே வகுத்துத் தந்தது: ஒவ்வொரு மாணவரிடமும் ஒப்புதல் சீட்டு கொடுத்தனுப்ப வேண்டும், சீட்டு திரும்பி வராவிட்டால் வகுப்பாசிரியர் பெற்றோரைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும், அதற்குப் பிறகும் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வராதபோது மட்டும் ஒப்புதல் இருப்பதாகக் கருதி ஊசி போடலாம். எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கடைசி விதிதான். பெற்றோரின் உரிமையை ஏற்ற கையோடு, கேட்டும் வாய் திறக்காத பெற்றோர் அந்த உரிமையைச் சொல்லிப் பொதுநலத்தைக் காலவரையின்றி நிறுத்திவைக்க முடியாது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

வீட்டுக்குள் இப்படி ஒப்புதல் சீட்டு எதுவும் கிடையாது. பிறர் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லை தாண்டுவது பற்றிய மனத்தாங்கல்களில் பெரும்பகுதி பள்ளியில் தொடங்குவதும் இல்லை. பாட்டி வீட்டிலும், காப்பகத்திலும், வேலைக்கு வரும் ஆயாவின் கையிலும்தான் அவை தொடங்குகின்றன.

தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே இது ஆரம்பித்துவிடலாம். பிரசவ வார்டில் தாய் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடக்கையில், குடும்பத்தில் நற்பெயர் பெற்ற ஒரு பெரியவர் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைப்பார். இப்படிச் சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. யாரைச் சேனை வைக்கச் சொல்வது என்பதில் இரு வீட்டாருக்கும் இடையே மெல்லிய போட்டியும் நடக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்து, மூச்சையே முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால் ஒரு வயது வரை தேன் கூடாது என்பது மருத்துவ உலகின் ஒருமித்த அறிவுரை. தாயிடம் இதையெல்லாம் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே சொல்லியிருப்பார்கள். சேனை வைக்கும் பெரியவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து உரை மருந்து. விளக்குச் சுடரில் சுட்ட வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கல்லில் தாய்ப்பால் விட்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று உரைத்து, வழித்துச் சங்கில் எடுத்துப் புகட்டுவது பல வீடுகளில் தலைக்குக் குளிப்பாட்டும் நாளின் வழக்கம். எத்தனை சுற்று என்பதுதான் அளவு. உரைக்கும் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளிடம் நடந்த சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், 1968 இல் அமெரிக்கா உணவுப் பொருள்களில் வசம்பைத் தடை செய்தது. கல்லில் உரைத்த ஒரு சுற்று வசம்பை அந்தச் சோதனைகளின் அளவோடு ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை நல மருத்துவர்கள் உரை மருந்து வேண்டாம் என்பதற்கு அன்றாடக் காரணங்களே போதும்: அளவு தெரியாது, கல்லின் சுத்தம் தெரியாது, ஆறு மாதம் வரை வேறு எதுவும் தேவையில்லை. பாட்டியின் பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததே: "உன்னையும் உங்க அண்ணனையும் இதைக் கொடுத்துத்தானே வளர்த்தேன்."

அந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. குழந்தை வயிறு உப்பி வீறிட்டு அழும் இரவில் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். தம் கையில் வளர்ந்து ஆளான பிள்ளைகள் அவருடைய சான்றுகள். புகட்டிய பிறகு குழந்தை அமைதியாகத் தூங்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தத் தூக்கம் எதனால் வந்தது என்ற ஐயம் அவருக்கு எழ வேண்டிய தேவை இருந்ததில்லை. அவர் தாண்டும் எல்லையை அவரிடம் யாரும் காட்டியதும் இல்லை. மருமகள் வேலைக்குத் திரும்பும் நாளில் பாட்டிலும் உடுப்பும் ஒப்படைக்கப்படுகின்றன. எந்த முடிவு யாருடையது என்ற பேச்சு மட்டும் நடப்பதில்லை. பேசினால் நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம் ஒருபுறம், கைம்மாறு இல்லாமல் உழைப்பவரிடம் நிபந்தனை போடுவதா என்ற குற்றவுணர்வு மறுபுறம். பேசாமல் விட்ட இடத்தைப் பார்த்துக்கொள்பவரின் பழைய அனுபவம் வந்து நிரப்புகிறது. என் பார்வையில், எல்லைமீறல் என்று பின்னர் பெயர் பெறும் பெரும்பாலான செயல்களின் வேர் இதுதான்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பெற்றோரின் எல்லை என்று பேசும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் பேசுவதாகவே எடுத்துக்கொள்கிறோம். நடைமுறையில் மாமியார் உரை மருந்து புகட்டுவதை மருமகள் எதிர்ப்பார். மகன் "அம்மாவுக்குத் தெரியாதா" என்பார். குழந்தையின் தந்தை சம்மதித்துவிட்டதால் பாட்டியைப் பொறுத்தவரை அவர் எல்லை எதையும் தாண்டவில்லை. சட்டமும் நீண்ட காலம் தந்தைக்குத்தான் துணை நின்றது. 1956 ஆம் ஆண்டின் இந்து சிறுவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், இயற்கைப் பாதுகாவலர் தந்தை என்றும் அவருக்குப் பின் தாய் என்றும் வரிசைப்படுத்தியது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொன்ன அதே பிரிவில்தான் இந்த வரிசையும் இருக்கிறது. குழந்தை தாயின் கையில், முடிவு தந்தையின் கையில் என்ற ஏற்பாடு அது. 1999 இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'பின்' என்பது தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் குழந்தையின் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று விளக்கமளித்துத் தாய்க்கு வழிவிட்டது. ஆனாலும் இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முரண்படும்போது யார் சொல் நிற்கும் என்பது பெரும்பாலான வீடுகளில் யாருடைய அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கூலிக்குப் பார்த்துக்கொள்பவர்களின் நிலை வேறு. அதிகாரம் குறைவு, பார்க்க வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை அதிகம். 2017 இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த நான்கு முறை என்ற ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது: தாய் நாளுக்கு நான்கு முறை வந்து போகும் இடத்தில் பெரிய முடிவு எதையும் ஆயா தனியாக எடுக்க வேண்டிய அவசியம் இராது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தைகள் காப்பகத்திலும் இதே தர்க்கம்தான். கொழுந்து பறிக்கும் தாய் வேலையின் இடையே வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். நகரத்துத் தனியார் காப்பகத்தில் பிள்ளையைக் காலையில் விட்டுவிட்டுப் பேருந்தோ ரயிலோ பிடித்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அங்கே காலை எட்டரை மணி எப்படி இருக்கும் என்று பார்த்தால் பிரச்சினை புரியும். வாசலில் மூன்று வண்டிகள். ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் சிணுங்கும் குழந்தையுமாக அப்பா நிற்கிறார். "நைட்டு லேசா சளி ஆயாம்மா, பையில மருந்து இருக்கு, பார்த்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறார். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, முன்பு கொடுத்தது எப்போது என்று எதுவும் இல்லை. பகல் ஒரு மணிக்குக் குழந்தை இருமி இருமி மற்ற பிள்ளைகளையும் எழுப்பிவிடும்போது ஆயா பையைத் திறக்கிறார். மூடி நிறைய ஊற்றுகிறார். 'பார்த்துக்குங்க' என்ற ஒரு சொல்லுக்குள் அவர் ஒரு மருத்துவ முடிவை எடுத்துவிட்டார்; எடுக்கவைத்தது தாம்தான் என்பது அந்த அப்பாவுக்கு நினைவுக்கு வராது.

இது சின்ன விஷயமில்லை. சளி மருந்துகளில் பரவலாகச் சேர்க்கப்படும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்து உறையில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. குளோர்பெனிரமின் தூக்கம் வரவழைக்கும். பிள்ளைகள் உறங்கினால்தான் தமக்கு ஒரு வாய்ச் சோறு என்ற நிலையில் உள்ள ஒருவருக்கு, தூங்கவைக்கும் மருந்து எவ்வளவு பெரிய சோதனை என்பதை விளக்க வேண்டியதில்லை. நல்ல காப்பகங்கள், பெற்றோர் கையெழுத்திட்ட தாளில் மருந்தின் பெயரும் அளவும் நேரமும் இல்லாமல் எந்த மருந்தையும் தொடுவதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. அந்தத் தாளை நிரப்பச் சொன்னால் முகம் சுளிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

சட்டம் இந்த இடைவெளியை எப்படிப் பார்க்கிறது? இந்திய தண்டனைச் சட்டத்தின் 89 ஆம் பிரிவாக 1860 முதல் இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27 ஆம் பிரிவாகத் தொடரும் ஒரு விதி இருக்கிறது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன், அதன் பாதுகாவலரோ அதைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருக்கும் வேறு ஒருவரோ செய்யும் செயல், சில விலக்குகளுக்கு உட்பட்டு, குற்றமாகாது என்கிறது அது. 'பொறுப்பில் வைத்திருக்கும் வேறு ஒருவர்' என்ற அந்தத் தொடருக்குள் பாட்டியும் ஆயாவும் ஆசிரியரும் வந்துவிடுவார்கள். பிரம்படி கொடுத்த ஆசிரியர்கள் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவின் பின்னால் ஒதுங்கியதுண்டு. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் 17 ஆம் பிரிவோடு 2009 இல் கல்வி உரிமைச் சட்டம் வந்துதான் பள்ளிகளைப் பொறுத்தவரை அந்தக் கதவை அடைத்தது. மறுபக்கத்தில், 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தம் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குபவர், கைவிடுபவர், வேண்டுமென்றே புறக்கணிப்பவர் ஆகியோருக்கு மூன்று ஆண்டுகள் வரையிலும், குழந்தைகளைப் பராமரிக்கும் அமைப்பின் ஊழியராக இருந்தால் ஐந்து ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க வழி செய்கிறது. ஆக, கொடுமை செய்தால் தண்டனை, நல்லெண்ணத்தோடு செய்தால் பாதுகாப்பு. நல்லெண்ணத்தோடும் கேட்காமலும் செய்தவை பற்றிக் குற்றவியல் சட்டத்துக்கு ஏறக்குறைய அக்கறையே இல்லை. வீடுகளில் புகையும் சண்டை முழுவதும் அந்த நடுப்பரப்பில்தான் நடக்கிறது.

அந்த நடுப்பரப்பில் எல்லாவற்றையும் ஒரே எடை வைத்துப் பார்க்கவும் முடியாது. மதியம் தயிர் சாதமா பருப்பு சாதமா, எத்தனை மணிக்குத் தூங்க வைப்பது, அடம் பிடித்தால் தூக்கிக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதெல்லாம் பார்த்துக்கொள்பவரின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டியவை. இவற்றுக்கும் தொலைபேசியில் உத்தரவு போடும் பெற்றோர் ஆளை வேலை செய்யவிடாமல் செய்கிறார்கள். நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மாலையில் குழந்தையைத் திரும்பக் கொடுக்கும்போது முடிவின் விளைவும் அதோடு முடிந்துவிடுகிறதா? ஒரு நாள் கூடுதலாகத் தின்ற பிஸ்கட் மறுநாள் மறந்துபோகும். காது குத்துவதும், மொட்டை அடிப்பதும், மதச் சடங்குக்கு உட்படுத்துவதும், தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதும் அப்படி முடிவதில்லை. சாதியோ மதமோ கடந்து மணந்தவர்களின் வீடுகளில் இது கூர்மையாக வெளிப்படும். பெற்றோர் வேலைக்குப் போன நாளில் தாத்தா பேரனைக் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முடியிறக்கி வருவார். இன்னொரு தாத்தா பேத்தியைத் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்வார். முடி ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். குழந்தை எந்த வழியில் வளரும் என்பதைப் பெற்றோர் இன்னும் தமக்குள்ளேயே பேசி முடிக்காத நிலையில் அதைத் தாத்தாக்கள் முடித்துவைத்ததுதான் அங்கே நடந்த மீறல்.

புகைப்படமும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 2023 ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. காப்பகம் தன் விளம்பரப் பக்கத்தில் பிள்ளைகளின் படத்தைப் போட்டால் இந்தச் சட்டத்தின் பிடிக்குள் வரும். ஆனால் ஒரு தனிநபர் தம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பேத்தி குளிக்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் பாட்டியிடம் மருமகள்தான் பேசியாக வேண்டும்.

இதுவரை சொன்னதற்கு நேர் எதிரான நெருக்கடியும் உண்டு: முடிவெடுத்தே தீர வேண்டிய நேரத்தில், எடுக்கும் அதிகாரம் தமக்கு இருக்கிறதா என்று தெரியாமல் பார்த்துக்கொள்பவர் தவிப்பது. அவசரம் என்றால் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒப்புதல் பெற நேரமில்லாதபோது நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்று சொல்லும் பிரிவுக்கு, சட்ட நூலே தரும் உதாரணம் இது: தீப்பிடித்த வீட்டின் மேல் ஒருவர் ஒரு குழந்தையோடு சிக்கிக்கொள்கிறார், கீழே சிலர் போர்வையை விரித்துப் பிடிக்கிறார்கள், விழுந்தால் உயிர் போகலாம் என்று தெரிந்தும், கொல்லும் எண்ணமில்லாமல் குழந்தையைக் காப்பாற்றவே அவர் அதைக் கீழே போடுகிறார். குழந்தை இறந்தாலும் அவர் குற்றவாளி இல்லை. பெற்றோர் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சிக்கல், அவசரமும் இல்லாத, தள்ளிப்போடவும் முடியாத முடிவுகளில் வருகிறது. பெற்றோர் வளைகுடாவிலோ வேறு மாநிலத்திலோ வேலை பார்க்க, ஊரில் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் தமிழகத்திலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. இலங்கை 2013 இல், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை பெற வேண்டும் என்று விதித்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள தாய்மார் செல்வதைத் தடுத்தது. 2022 இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. தாய் இல்லாத காலத்தில் பிள்ளையை யார் பார்ப்பார் என்பதே அந்த அறிக்கையின் கவலை. பார்ப்பவர் எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்பதற்கு அதிலும் இடம் இருக்கவில்லை.

அத்தகைய ஒரு பாட்டி பேரனை உள்நாக்குச் சதை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகும்போது மருத்துவமனை ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறது. 'பெற்றோர் / பாதுகாவலர்' என்ற கோட்டின் மேல் அவர் கையெழுத்திடுகிறார். பத்து ஆண்டுகளாக வளர்ப்பவர் அவர்தான் என்றாலும் நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் இல்லை. அப்படி ஆக வேண்டுமென்றால் 1890 ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பெற்றோர் உயிரோடு, உறவோடு இருக்கும் குடும்பத்தில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை. அதனால் வழக்கறிஞர்கள் எளிய ஏற்பாடு ஒன்றைப் பரிந்துரைப்பதுண்டு: பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம். எந்தெந்தச் சிகிச்சைக்கும் பள்ளி விவகாரத்துக்கும் இன்னார் முடிவெடுக்கலாம், எதற்கெல்லாம் தொலைபேசியில் கேட்டாக வேண்டும், இருவரும் கிடைக்காவிட்டால் அடுத்து யாரை அழைப்பது என்று அதில் இருக்கும். நீதிமன்ற ஆணையின் வலிமை அதற்குக் கிடையாது. ஆனால் ஆயாவின் கையில் காலையில் திணிக்கப்படும் மருந்துப் புட்டியோடு எழுதப்படாமல் போகும் விவரங்கள் எவையோ, ஏறத்தாழ அவையே அந்தக் கடிதத்தில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும்.